கம்ப்ரஸர் தண்ணீரும் கரையேறும் நேரமும்

1. முதல் நாள்

டேங்க்கின் அடியிலிருந்த ட்ரெயின் வால்வைத் திறந்தேன். பின்பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். என் வீட்டுப் பட்டறையில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கிய முதல் நாள் இப்படித்தான் முடிந்தது.

அதற்கு முன் தஞ்சாவூரில் ஒரு டிராக்டர் ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்தேன். முதலாளியின் வாய்க்குப் பயந்து வேலையை விட்டுவிட்டு, குடவாசல் பக்கம் என் மனைவி சரோஜாவின் ஊருக்கு வந்து, அவள் வீட்டு மாட்டுக்கொட்டகையைப் பட்டறையாக்கினேன். மாடு கொட்டகைக்கு வெளியே கட்டப்பட்டது. அது என்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. டிராக்டர் டயருக்கும் சைக்கிளுக்கும் காற்றடிப்பது, பஞ்சர், ஸ்பிரே பெயின்டிங் எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்ரஸர்தான். ஒரு ரைஸ் மில்லிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

கம்ப்ரஸர் வைத்திருக்கும் தம்பிகளுக்குத் தெரிந்திருக்கும். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி டேங்க்கின் அடியில் தங்கும். எங்கள் பக்கத்தில் காற்றே பாதி தண்ணீர். வேலை முடிந்ததும் டேங்க்கில் கொஞ்சம் காற்று இருக்கும்போதே வால்வைத் திறந்தால்தான் அது தண்ணீரை வெளியே தள்ளும். தள்ளாவிட்டால் டேங்க் உள்ளுக்குள் துருப்பிடித்து, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும்.

கொட்டகைக்குள் சகதி ஆகக்கூடாதென்று வால்விலிருந்து ஒரு குழாயைச் சுவர் வழியாகப் பின்பக்க வாய்க்காலுக்கு விட்டேன். நண்டும் தவளையும் குழாய்க்குள் குடியேறிவிடுமே என்று அதன் வாயைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கினேன். அதில்தான் வந்தது வினை. வால்வைத் திறந்ததும் அந்தச் சப்பை வாய் ஊளையிட்டது. நான்கு வயல் தாண்டிக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

2. இரண்டு பேர் வந்தார்கள்

பெண்கள் ஏன் கரையேறினார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது. அது கூலிக்கும் வேலை நேரத்துக்கும் ஊருக்கு ஊர் தகராறு நடந்த காலம். எங்கள் ஊரில் தாசில்தார் முன்னால் பேசி, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரையேறலாம் என்று முடிவாகியிருந்தது. ஆனால் வயலில் கைக்கடிகாரம் கட்டியிருந்தவர் ஒருவர்தான். அவர் மிராசுதாரின் வயல் வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் ராமலிங்கம். அவர் கடிகாரம் காலையில் நன்றாக ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் அதற்கும் உண்ட மயக்கம் வந்துவிடும். சூரியன் தென்னைமரத்துக்குக் கீழே இறங்கிய பிறகும் அவர் கையில் நாலரைதான் ஆகியிருக்கும்.

நானோ தஞ்சாவூர்ப் பழக்கத்தில் சரியாக ஐந்து மணிக்குப் பட்டறையை மூடுகிறவன்.

நாலைந்து நாள் தொடர்ந்து குழாய் கத்தியதும், முதலில் காரியக்காரர் வந்தார்.

"என்னப்பா மெக்கானிக், உன் மிஷினை இருட்டுனதுக்கப்புறம் கத்த விடக்கூடாதா?"

"தண்ணி இறக்கணுங்க. அதான் சத்தம்."

"ராவுல இறக்கு. தண்ணிக்கு என்ன கண்ணா தெரியப்போவுது?"

சத்தம்தானே பிரச்சினை, குழாய் வாயை நிமிர்த்திவிடலாம் என்று கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். அங்கே பாக்கியம் நின்றாள். நடவு ஆட்களுக்கு அவள்தான் தலைவி. தாசில்தாரிடம் பேசியதும் அவள்தான். புடவையை முழங்காலுக்கு மேல் சொருகி, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"குழாயில கை வைக்காதீங்க மெக்கானிக்கரே. வச்சீங்கன்னா நீங்க பண்ணை ஆளுன்னு நாங்க எடுத்துக்குவோம்."

"இது மில்லு சங்கு இல்லம்மா. தண்ணி இறக்குற குழாய்."

"எதுவா இருந்தா என்ன? ஒழுங்கா அஞ்சு மணிக்குக் கத்துதுல்ல. இந்த ஊருல வேற எது ஒழுங்கா நடக்குது சொல்லுங்க."

கட்டிங் பிளேயரைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

தம்பிகள் சிரிக்கலாம். எனக்கு அது பிழைப்புப் பிரச்சினை. என் வேலையில் பாதி மிராசுதாரின் டிராக்டரும் டிரெய்லரும். மீதிப் பாதி இந்த ஆட்களின் சைக்கிள்கள். ஊரில் டீக்கடைகூடக் கட்சிக்கொன்றாக இரண்டு இருந்தன. நான் இரண்டிலும் குடித்து, இரண்டு கட்சிக் கொடிக்கம்பத்துக்கும் ஒரே ஸ்பிரே கன்னால் பெயின்ட் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். இதில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மற்றப் பக்கம் போய்விடும். பட்டறையை இழுத்துப் பூட்டிவிட்டு, மறுபடி அந்த முதலாளியிடம் போய் ஸ்பானர் பிடிக்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரொம்ப நேரம் யோசித்து, நடுநிலை வகிப்பது என்று முடிவெடுத்தேன். ஐந்து மணிக்கும் திறப்பதில்லை, இருட்டிய பிறகும் திறப்பதில்லை. வால்வைத் தொடுவதே இல்லை.

"தண்ணி இறக்கலன்னா என்னாவும்?" என்று சரோஜா கேட்டாள்.

"ஒண்ணும் ஆவாது."

"அப்ப தஞ்சாவூருல இத்தன வருஷமா எதுக்கு இறக்குனீங்க?"

நடுநிலை வகிப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது?

3. நடுநிலையின் பலன்

முதலில் சைக்கிள்களில் தெரிந்தது. டேங்க்கில் தண்ணீர் ஏற ஏற, காற்றோடு சேர்ந்து அதுவும் டியூபுக்குள் போனது. பாக்கியத்தின் புருஷன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மிதிச்சா மோர் குடிச்ச வயிறு மாதிரி களக் களக்குங்குது. காத்து அடிச்சீங்களா, தண்ணி அடிச்சீங்களா?"

வெயில் சூட்டில் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. நானே நம்பவில்லை. மோட்டார் வேறு நிமிஷத்துக்கு ஒருதரம் ஸ்டார்ட் ஆனது. டேங்க்கில் காற்றுக்கு இடமே இல்லாமல் தண்ணீர் கால்நீட்டிப் படுத்துக்கொண்டால் அது வேறென்ன செய்யும்? ராத்திரி தூக்கத்தில் டேங்க் வெடிப்பதுபோலக் கனவு கண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து மிராசுதார் தன் வெள்ளைக் காரை அனுப்பினார். அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருவையாற்றுக்காரர்கள். கார் பளபளவென்று வாசலில் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. நானும் பழைய பெயின்டைத் தேய்த்து, பிரைமர் அடித்து, சாமியைக் கும்பிட்டு ஸ்பிரே கன்னைப் பிடித்தேன். அது பெயின்டோடு தண்ணீரையும் துப்பியது. காய்வதற்குள் பானெட்டிலிருந்து டிக்கிவரை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது.

நான் தேய்க்க உப்புத்தாளை எடுக்கும்போதே டிரைவர் வந்தார். நல்ல நேரம் முடிவதற்குள் கார் வீட்டுக்கு வரவேண்டுமாம். கொப்புளத்தோடு ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் அந்த வழியாகப் போன நடவுப் பெண்கள் காரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "ஆத்தா வந்து இறங்கியிருக்காடி" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி மரத்திலிருந்து வேப்பிலைக் கொத்தை ஒடித்து வைப்பரில் சொருகிவிட்டுப் போய்விட்டாள். சற்று நேரத்தில் கல்யாணத் தரகர் வந்தார். வாசலில் வேப்பிலையைப் பார்த்தார். படியேறாமல் தெருவிலேயே நின்று, "வீட்ல யாருக்காவது அம்மை போட்டிருக்குங்களா? தண்ணி ஊத்துனதுக்கப்புறம் தேதி வச்சுக்கலாங்களே" என்று கேட்டார்.

4. பேச்சுவார்த்தை

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் மிராசுதாரே நடந்து வந்துவிட்டார். பின்னால் காரியக்காரர் குடையோடு வந்தார். நிச்சயம் நின்றுபோய்விடுமோ என்று மிராசுதாரின் முகம் கறுத்திருந்தது. அவர் வாய் திறப்பதற்குள் பாக்கியம் களக் களக் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டு கட்சியும் கம்ப்ரஸருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றன. நான் நடுவில் நின்றேன். அதைத்தானே இத்தனை நாளும் விரும்பினேன்.

"ஏம்பா, என் காருக்கு ஏன் இப்படி ஆச்சு?" என்றார் மிராசுதார்.

"டேங்க்குல தண்ணி சேந்துடுச்சுங்கய்யா."

"இறக்க வேண்டியதுதானே?"

"அஞ்சு மணிக்கு இறக்கக்கூடாதுன்னு உங்க காரியக்காரர்தாங்க சொன்னாரு."

"அப்ப மத்தியானமே இறக்கித் தொலையேன்."

பாக்கியம் குறுக்கே வந்தாள். "மத்தியானம் இறக்குனா நாங்க மத்தியானமே ஏறிடுவோங்கய்யா. எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

மிராசுதார் அவளைப் பார்த்தார். பிறகு டேங்க்கைப் பார்த்தார். அது உள்ளே களுக்கென்றது.

"ராமலிங்கம், இப்ப மணி என்ன?"

காரியக்காரர் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பார்த்து, "நாலேகாலுங்க" என்றார்.

மிராசுதார் தன் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகப் போகிறது. கையை நீட்டி அதைக் காரியக்காரரிடம் காட்டினார். காரியக்காரர் குடையை விரித்துக்கொண்டார், கூரைக்குக் கீழேயே.

"இப்பவே திறப்பா. நாளைக்கே கார் மறுபடி வெள்ளையா நிக்கணும்" என்றார் மிராசுதார்.

"இன்னிக்கு மட்டும் திறந்தா போதுங்களா, மெக்கானிக்கரே?" என்று பாக்கியம் என்னிடம் கேட்டாள். கண் மட்டும் மிராசுதார்மேல் இருந்தது.

"தினமும் திறக்கணும்மா. இல்லன்னா வெடிச்சுடும்."

வெடிக்கும் என்றதும் மிராசுதார் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "தினமும் திறந்து தொலை. அஞ்சுக்கே திற."

திறந்தேன். குழாய் அலறியது. துருவேறிய தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் வாய்க்காலில் கொட்டிக்கொண்டே இருந்தது. வயலில் மிச்சமிருந்தவர்கள் கரையேறினார்கள். மிராசுதார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பட்டறை பிழைத்தது. காரைச் சுரண்டி மறுபடி அடித்தேன். கண்ணாடிபோல வந்தது. நிச்சயதார்த்தமும் நல்லபடியாக நடந்தது.

5. பராமரிப்புக் குறிப்பு

அதற்குப் பிறகு என்னால் ஐந்து மணிக்கு ஊரில் இல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருமுறை முத்துப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வால்வைத் திறக்கும் பொறுப்பைச் சரோஜாவிடம் கொடுத்திருந்தேன். அவள் பக்கத்து வீட்டில் பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்துவிட்டாள். நடவு ஆட்கள் முழங்கால் சேற்றோடு வந்து வாசல் நிறைய நின்றார்கள். "ஏங்க்கா, எங்கள வயலோட விட்டுட்டீங்களே" என்று பாக்கியம் கேட்டாளாம். சரோஜா ஓடிப்போய் வால்வைத் திறந்தாள். வாசலைக் கழுவி முடிக்க விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

கண் மங்கிப் பட்டறையை மூடியபோது கம்ப்ரஸரை விற்றேன். வாங்க வந்தவர் டேங்க்கின் அடைப்பானைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து அசந்துபோனார். "இத்தன வருஷத்துக்குத் துரு அதிகம் ஏறலையே. ரொம்ப ஒழுக்கமா மெயின்டெய்ன் பண்ணியிருக்கீங்க சார்" என்றார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டேன்.

ஆகவே தம்பிகளே, பெல்ட் டைட்டையும் ஆயில் லெவலையும் பாருங்கள், ஃபில்டரில் உமித்தூசி அடையாமல் தட்டுங்கள், தண்ணீரைத் தினமும் இறக்குங்கள். ஞாபகமறதி உள்ளவர்கள் நடவு வயலுக்குப் பக்கத்தில் பட்டறை போடுங்கள்.