நாற்பத்தேழு சென்டிமீட்டர்

சான்றிதழில் இருக்கும் பெயரைச் சொல்லி வீட்டில் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. கைநழுவி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். நான்கு வயதில் அப்பாவின் கைக்கடிகாரத்தை மாடியிலிருந்து நழுவவிட்டதில் வந்த பெயர் அது. பள்ளி ஆய்வகத்தில் இரண்டு பியூரெட், அக்காவின் கடைக்குப் பழுதுபார்க்க வந்திருந்த யாருடையதோ கைப்பேசி என்று அந்தப் பெயரை அவளும் விடாமல் காப்பாற்றி வந்தாள்.

அப்படிப்பட்டவளுக்கு, வேதியியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில், நானோ ஆய்வகம் ஒன்றில் பத்து வாரம் வேலை செய்ய இடம் கிடைத்தது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கும் அம்மா அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, "உன்ன நம்பியா கூப்பிடுறாங்க?" என்றாள். அக்கா மட்டும் தைரியம் சொன்னாள். "அங்க எல்லாமே கண்ணுக்குத் தெரியாத சாமானாம்டி. கீழ போட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது. போயிட்டு வா."

கண்ணுக்குத் தெரியாத சாமான் என்றது பொய்யில்லை. தலைமுடியின் பருமனை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அதைவிட மெல்லிய வெள்ளிக் கம்பிகள் மிதக்கும் மை. அந்த மையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலத்தின் மேல் சீராகப் பூச வேண்டும். பூசிய படலம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், மின்சாரமும் கடத்தும். கைப்பேசித் திரைக்கு ஆகும். சிறு துண்டில் பூசுவது யாருக்கும் வரும். மீட்டர் கணக்கில், நிற்காமல், பிசிறில்லாமல் பூச முடியுமா என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. அதற்கென்று ஒரு நீள இயந்திரம். ஒரு முனையில் படலச் சுருள், மறு முனையில் வெற்றுச் சுருள், நடுவே ஏழு உருளைகள்.

இயந்திரம் இருந்த தூசியற்ற அறைக்குள் போகத் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்ட வேண்டும். கண் மட்டும்தான் வெளியே தெரியும். முதல் வாரம் யார் யாரென்றே அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருவரை மட்டும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவாள். முனைவர் பட்டத்துக்காக இயந்திரத்தோடு நான்கு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஆய்வு மாணவர் அவர். எந்த அளவு உடுப்பும் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். எல்லோருக்கும் அவர் நெட்டை, அவளுக்கு அண்ணா.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை இயந்திரத்தைத் துடைக்கும் நாள். நெட்டை அண்ணா அந்தக் கோடியில் புதுச் சுருளை மாட்டிக்கொண்டிருந்தார். இவள் இந்தக் கோடியில் துணியும் இடுக்கியுமாக நின்றாள். இடுக்கி விரலிலிருந்து வழுக்கி மூன்றாவது உருளையின் மேல் டங்கென்று விழுந்தது. காற்றாடிகளின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தாள். பளபளப்பான உருளையில் நகக்கீறல் போல ஒரு கோடு. துணியால் துடைத்தாள், போகவில்லை. இன்னொரு தரம் துடைத்தாள். பிறகு இடுக்கியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த உருளைக்கு நகர்ந்தாள்.

புதன்கிழமை படலத்தில் ஓட்டை விழ ஆரம்பித்தது. நிஜ ஓட்டை இல்லை. மை ஒட்டாமல் விட்டுப்போன புள்ளிகள். அந்த இடத்தில் மின்சாரம் செத்துவிடும். பூசியதைக் கையகலத் துண்டுகளாக வெட்டிப் பெட்டியில் போட்டு, கைக்கு வந்ததை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது அங்கே வழக்கம். சில துண்டுகள் பழுதில்லாமல் இருந்தன, சிலவற்றில் புள்ளி. "மை கட்டிதட்டுது" என்று முடிவுகட்டினார் அண்ணா. மையை மாற்றினார். வடிகட்டினார். மறுபடி மாற்றினார். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடுவையைக் குலுக்கிக்கொண்டு நின்றார்.

அவளுக்கோ சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் கிளம்புவாள். வெள்ளை உடுப்பை மாட்டியதும் துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போய்விடுவாள். அக்காவிடம் மட்டும் கொட்டினாள்.

"உருளைய மாத்த முடியாதா?" என்றாள் அக்கா.

"புதுசு வர எட்டு வாரமாம். அதுக்குள்ள என் கோடையே முடிஞ்சிடும். அவரு ஆராய்ச்சியும் அந்தரத்துல நிக்கும்."

"நீ சொல்லாம இருந்தா மட்டும் நகருமா?"



அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை, உடுப்பு மாற்றும் அறை வாசலில் இருந்த நீளப் பெஞ்சில் அண்ணா உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் போய் எதிரே நின்றாள்.

"அண்ணா, மை மேல தப்பில்ல. என் மேலதான்."

இடுக்கியிலிருந்து துணி வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் மறு காலுறையைப் பெஞ்சில் வைத்தார்.

"எட்டு நாள்" என்றார். "எட்டு நாளா மையக் கலக்கிட்டு இருக்கேன்."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த மெதுவான குரலைத்தான் தாங்க முடியவில்லை. அழுகையை அடக்க எதையாவது பேசியாக வேண்டும் போலிருந்தது. அப்படிப் பேசப் போய்த்தான் அந்த வார்த்தை வாயில் வந்தது.

"உருளைதான் காரணம்னா, அது ஒரு சுத்து சுத்தும்போது ஒரு தடவதானே புள்ளி விழணும்? இவ்வளவு தூரத்துக்கு ஒண்ணுன்னு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நம்மதான் வெட்டிப் பெட்டியில போட்டுடறோமே."

"வெட்டாம ஓட்டினா?"

அன்று காலை பன்னிரண்டு மீட்டரை வெட்டாமல் ஓட்டி, வெளியே நடைபாதையில் சுவரோரமாக விரித்தார்கள். ஆய்வகத் தலைவியான பேராசிரியை தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இது என்ன, கல்யாணத்துக்குக் கம்பளமா?" என்று கேட்டுவிட்டு, காரணம் தெரிந்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் ஒரு விளக்கைப் பிடித்தார். சாய்ந்த வெளிச்சத்தில் புள்ளிகள் மங்கலாகத் தெரிய, அவள் முட்டிபோட்டு ஊர்ந்தாள். புள்ளி கிடைத்த இடத்திலெல்லாம் பேனாவால் வட்டம் போட்டாள். பிறகு அளவுநாடாவை வைத்தாள்.

நாற்பத்தேழு. அடுத்தது நாற்பத்தேழு. அடுத்ததும் அதே.

அண்ணா உள்ளே போய் மூன்றாவது உருளையை நூலால் சுற்றி அளந்துவிட்டு வந்தார். "முப்பத்தொண்ணு."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "தப்பா அளந்திருப்பீங்க அண்ணா."

"மூணு தடவ அளந்தேன். உன் கீறல் மேல படலம் சும்மா வழுக்கிட்டுப் போகுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

நாற்பத்தேழு சுற்றளவு இருந்தது ஒரே ஒரு உருளைக்குத்தான்: மை பூசுவதற்குச் சற்று முன்னால் படலத்தை அழுத்தும் ரப்பர் உருளை. மூவரும் உடுப்பு மாட்டி உள்ளே போய் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, அதன் ஓரத்தில் கடுகில் பாதி அளவுக்குப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது தெரிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பசை படலத்தைத் தொட்டுவிட்டுப் போக, தொட்ட இடத்தில் மை ஒட்டாமல் நின்றிருக்கிறது.

அண்ணா குனிந்து கையுறை விரலால் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு முகமூடிக்குள் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கியது.

"அன்னிக்குப் புதுச் சுருளு மாட்டும்போது முனை நிக்கலன்னு இந்த உருளையோட டேப் போட்டு ஒட்டினேன். பிச்சு எடுத்துட்டோம்னு நெனச்சேன். நான்தாம்மா."

பேராசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டீங்க. இனி யாராவது துடைங்க" என்றார்.

கரைப்பானில் நனைத்த துணியால் இரண்டு நிமிடம் தேய்த்ததில் பசை போய்விட்டது. மதியத்துக்குள் ஓடிய படலத்தில் ஒரு புள்ளியும் இல்லை. அவள் உடுப்பு மாற்றும் அறைக்குப் போய், வெள்ளை உடுப்பைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்தாள். எட்டு நாளாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிருந்தது.  அடுத்த நிமிடமே அகோரப் பசி எடுத்தது. உடுப்பைக் கழற்றிவிட்டு வெளியே வந்து, கொண்டுவந்த டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, அண்ணா நீட்டிய பாதியையும் வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டாள்.

அக்காவுக்குப் போன் போட்டாள். "நான் இல்லையாம்."

"அப்ப சொன்னதுக்குத் திட்டு கிடைச்சுதா?"

"இல்ல. இனிமே படலத்த அளக்குறது என் வேலைன்னுட்டாங்க."

அதன்பின் வெட்டுவதற்கு முன்னால் சுருளை விரித்துப் பார்ப்பது அந்த ஆய்வகத்தில் வழக்கமாகிவிட்டது. எந்த உருளைக்கு எந்த இடைவெளி என்று அவள் போட்ட அட்டவணையை இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டினார்கள். அண்ணாவே ஒட்டினார், டேப் போட்டுத்தான்.

பத்தாம் வாரம், கோடை மாணவர்கள் ஆளுக்கொரு சுவரொட்டி முன்னால் நின்று தங்கள் வேலையை விளக்கும் நாள். சலவைப் பிரிவில் அரை நாள் விடுப்பு எடுத்து அம்மா வந்திருந்தாள். மகள் நீட்டிய படலத்தை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இதுல வெள்ளி இருக்குன்ற. ஒண்ணும் தெரியலயே."

"தெரியக்கூடாதும்மா. அதுக்குத்தான் இவ்வளவு பாடு."

அம்மா தலையாட்டினாள். பிறகு துவைத்த விரிப்புகளில் கறை தேடிப் பழகிய கண்ணை இடுக்கிக்கொண்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை அந்தப் படலத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு" என்றாள்.