இட்டேரியில் நின்று எடுத்த ரயில் படம்

ஸ்டேஷனில் ஆளாளுக்குக் கைபேசியை நீட்டிக்கொண்டு பிளாட்பார விளிம்பில் ஆடுவார்கள். அவர்களை யாரும் கேட்கமாட்டார்கள். நான் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேமராவைத் தூக்கினால் போதும், எங்கிருந்தோ ஒரு போலீஸ்காரர் வந்துவிடுவார்.

"போன்ல எடுத்துக்குங்க சார், இது வேண்டாமுங்க. பெரிய கேமரா பாருங்க."

பெரிதாக இருந்தால் அதற்குள் குண்டா இருக்கிறது? அதை அப்படியே அவரிடம் கேட்டேன். அத்தோடு அந்த ஸ்டேஷனுக்குப் போவது நின்றது.

என் நண்பன் சரக்கு ரயில் ஓட்டியவன். போன வருடம் ஓய்வு பெற்றான். எஞ்சினில் உட்கார்ந்து ஓட்டுகிற படம் ஒன்றுகூட அதுவரை அவனிடம் இல்லை. ஓட்டும்போது கைபேசியைத் தொட்டால் வேலைக்கே ஆபத்து.

"கடைசி வண்டி ஈரோட்டுக்குக் கொண்டுபோறேன் மாப்ள. மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துப்போடு," என்று ஓய்வுக்கு முந்தின நாள் கேட்டான்.

ரயில்வே இடத்தின் பக்கமே போகக்கூடாது என்று முடிவு செய்தேன். சோமனூர் தாண்டி ஓர் இட்டேரி தண்டவாளத்தை ஒட்டிப் போகிறது. இரண்டு பக்கமும் வேலி, நடுவே வண்டித்தடம், ஊருக்குப் பொது. காலையிலேயே போய் ஸ்டாண்டை விரித்து, கேமராவை மாட்டி, ஒரு கண்ணை மூடி வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரட்ட யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

"ஏனுங்க! யாரைக் கேட்டு அளக்கறீங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, அரிவாளோடு நின்றார்.

"அளக்கலைங்க. ரயிலைப் படம் எடுக்கறேன்."

"ரயிலைப் படம் புடிக்க மூணு காலு வேணுமாக்கும்? போன மாசமும் ஒருத்தர் இப்படித்தான் மூணு கால நட்டு, ஒரு கண்ண மூடிப் பாத்தாரு. கேட்டா, பறவை பாக்கறேன்னாரு. மக்யா நாளு விடிஞ்சு பாத்தா எங்க கெணத்துமேட்டுல கல்லு நட்டிருக்குதுங்க."

மின்கோபுரம், குழாய், சாலை என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் எத்தனையோ பார்த்துவிட்டன. கல் நட்டால் நிலம் போகிறது என்று அர்த்தம். போலீசை நினைத்தே ஒதுங்கி வந்தவனுக்கு இது தோன்றவில்லை.

அந்த அம்மா வேலிச் சந்தில் நுழைந்து வந்து லென்ஸுக்கு நேர் எதிரே நின்றுகொண்டார்.

"இப்ப அளங்க, பாக்கலாம்."

தூரத்தில் ஹாரன் கேட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மணி, நவுருங்க! என் சிநேகிதன் ஓட்டிட்டு வாரான். இன்னைக்கோட ரிட்டயர்டு. அவன் மூஞ்சிய ஒரு போட்டோ எடுக்கணும். உங்க காடு எனக்கு எதுக்குங்க?"

கேமராவைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டை எட்டி உதைத்தேன். அது வேலியில் போய் விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வந்தது.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னுங்க?" என்று என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

வண்டி வளைவில் திரும்பியது. நண்பன் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, தலையை வெளியே நீட்டிச் சிரித்தான். கை ஆட்டினான். நான் பொத்தானை அழுத்தினேன். ஒருவர் கை ஆட்டினால் பதிலுக்கு ஆட்டாமல் நிற்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு வராது. அதே நொடியில் அந்த அம்மாவும் கையைத் தூக்கிவிட்டார். அடுத்த படம் எடுப்பதற்குள் எஞ்சின் எங்களைத் தாண்டிவிட்டது. பின்னால் வெறும் பெட்டிகள்.

ஸ்டுடியோக்காரரிடம் காட்டினேன். "கையை அழிச்சுப்போடலாமுங்க. ஆனா பின்னால இருக்கற மூஞ்சிக்கு நான் எங்க போறது?" என்றார்.

அப்படியே பிரிண்ட் போட்டு நண்பனிடம் கொடுத்தேன்.

"மூஞ்சி எங்கடா?"

"கைக்குப் பின்னால."

"யாரு கை?"

சொன்னேன். கெட்ட வார்த்தையில் திட்டினான். திட்டட்டும், மறுபடி எடுக்கலாம் என்றால் இனி அவனுக்கு ஓட்ட வண்டி ஏது? படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தான்.

"முழங்கை என்னுதுதான்," என்றான்.