கை வழியில் இருக்கிறது

தேய்த்து மடித்த சட்டையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு காலர் அக்கா நடக்கிறார். மற்றவர்கள் ஏழெட்டுச் சட்டைகளை அடுக்காகத் தூக்கிப் போவார்கள். இவர் ஒவ்வொன்றாகத்தான் எடுப்பார். அதுவும் இஸ்திரிப் பெட்டி அப்போதுதான் விலகியதாகப் பார்த்து எடுப்பார். சட்டைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் மேசைக்குப் போய்ச் சேரும்போது சட்டை ஆறியிருக்கும். சூடு கையில் ஏறியிருக்கும்.

"வந்தாச்சா?" இஸ்திரி அண்ணன் தலை நிமிராமல் கேட்பார்.

"வழியில இருக்கு."

இன்னொரு நடை. "இப்ப?"

"பஸ்ஸ விட்டு எறங்கிடுச்சு. நடந்து வருது."

வந்துகொண்டிருப்பது அவருடைய கை. முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்குவதில்லை. மடங்கினால் நிமிர்வதில்லை. முன்பகல் டீ வருவதற்குள் மெல்ல இளகும். அதுவரை கை எங்கோ வெளியூர் போயிருப்பதாகத்தான் அவர் பேசுவார்.

தொழிற்சாலையில் அவரைக் காலர் அக்கா என்பார்கள். பல வருடங்களாகக் காலர் மட்டும் தைக்கிறார். துணியைப் புரட்டிப் போட்டு மூன்று பக்கம் தைத்து, வெளியே திருப்பி, நுனியை ஊசிமுனை மாதிரி எடுக்க வேண்டும். சட்டையில் முதலில் கண்ணில் படுவது அந்த நுனிதான். நன்றாக வந்திருக்கிறதா என்று முன்பெல்லாம் விரலால் தொட்டுப் பார்ப்பார். விரல்கள் வீங்கத் தொடங்கிய பிறகு கீழுதட்டில் வைத்துப் பார்க்கிறார். குத்தினால் சரி.

"காலருக்கு முத்தம் குடுத்தே காலத்த ஓட்டறாங்க" என்பாள் பக்கத்து மெஷினில் மணிக்கட்டுப் பட்டியான கஃப் தைப்பவள். "வீட்டுக்காரருக்கு இதுல பாதி குடுத்திருந்தா மனுஷன் லாரிய வித்துட்டு வீட்டோட இருந்திருப்பாரு."

"அவருக்கு நுனி மழுங்கிப் போச்சுடி" என்பார் காலர் அக்கா. அந்த வரிசையில் மெஷின்கள் சிரிப்பில் கொஞ்ச நேரம் நின்றுவிடும்.

நோயை முதலில் மறைத்துத்தான் வைத்திருந்தார். வலி மாத்திரையை டீயோடு விழுங்குவார். ஒருநாள் இஸ்திரி மேசைக்கு வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, சூடான சட்டைக்குள் கையை நுழைத்து நின்றார். இஸ்திரி அண்ணன் பார்த்துவிட்டார். பார்த்தது சூப்பர்வைசரின் காதுக்குப் போயிற்று. எந்நேரமும் கையில் அளவுகோலோடு திரிவதால் அவருக்கு ஸ்கேல் என்று பெயர்.

ஸ்கேல் கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு காலர் அக்கா போனார்.

"நோவு வர்றது உங்க தப்பில்ல. சொல்லாம இருந்தீங்களே, அதான் கோவம்" என்றார் அவர். "ஆபீஸ்ல பேசிட்டேன். பெல்லுலருந்து டீ வரைக்கும் நடக்கற வேலை. சட்டை தூக்குங்க. டீக்கப்புறம் மெஷின். மத்தியானம் ஒரு தடவ முதலுதவி ரூம்ல போய் வெந்நீர்ல கைய வெச்சுட்டு வாங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டோம்."

நாற்காலியை உயர்த்தினார்கள். அழுத்தினால் தானாக விரியும் கத்தரி ஒன்று வந்தது. வாரத்துக்கு ஒருமுறை போடும் மாத்திரை மறுநாள் குமட்டும் என்பதால், விடுமுறைக்கு முந்தைய இரவுக்கு அதை மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டு வரச் சொன்னதும் ஸ்கேல்தான்.

எல்லாம் இருந்தும் காலர் அக்காவுக்குப் பழைய கைதான் வேண்டியிருந்தது. எதிர்ச்சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே மூலையைத் திருப்பிய கை. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் கழுத்தையே பார்த்துக்கொண்டு வருவார். வெளுத்துப்போன சட்டையானாலும் நுனி கூர்மையாக நின்றால், இறங்க வேண்டிய இடம் போனது தெரியாது. முதலுதவி அறையில் வெந்நீர்த் தொட்டிக்குள் அவர் விரல்கள் சும்மா இருப்பதில்லை. இல்லாத துணியை நகர்த்திக்கொண்டிருக்கும்.

வீட்டில் மகள் இரவு படுக்கும்முன் டப்பா மூடிகளையெல்லாம் தளர்த்தி வைப்பாள். காலையில் அம்மா புடவைமேல் போட்டுக்கொள்ளும் வேலைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவதும் அவள்தான்.

"ஊருக்கே காலர் தைக்கறாங்க, தன் கழுத்துப் பொத்தான போடத் தெரியல."

"தைக்கறது என் வேலை. போடறது உன் வேலை."

"இதுக்குச் சம்பளம்?"

"பெத்தேன்ல? அது அட்வான்ஸு."

கொஞ்ச நாளாக அவர் முகம் தெளிந்திருந்தது. சாயங்கால பெல்லுக்கு முன்பே கூடை காலியாகத் தொடங்கியிருந்தது. தைக்க வேண்டியது ஒரு கூடையில் இருக்கும். தைத்தது இன்னொரு கூடையில் விழும். நோய் வந்த பிறகு முதல் கூடையில் எப்போதும் மிச்சம் இருக்கும். இப்போது இல்லை. வார மாத்திரை வேலை செய்கிறது என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் விரல்களை அமுக்கிப் பார்த்து, "நல்லது" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு மகளிடம், "இன்னைக்கு மூடியெல்லாம் இறுக்கியே வை" என்றார்.

நடந்தது வேறு. மத்தியானம் அவர் வெந்நீருக்குப் போனதும் கஃப் தைப்பவள் அவர் கூடைக்குள் கையை விடுவாள். மேலே இருப்பதைத் தொடமாட்டாள், அடியிலிருந்து உருவுவாள். அந்த வரிசையில் யாருக்காவது தலைவலி, காய்ச்சல் என்றால் பக்கத்து மெஷின் இப்படித்தான் எடுத்துத் தைக்கும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தைத்ததை அவருடைய இரண்டாவது கூடையிலேயே போட்டுவிடுவாள். கதவுப் பக்கம் பார்த்து நிற்கும் இஸ்திரி அண்ணனுக்கு அவர் திரும்பி வருவது தெரிந்தால் இருமல் வரும். ஸ்கேலுக்கும் தெரியும். அவர் அப்போது ஜன்னலை அளந்துகொண்டிருப்பார். கூடை காலியானால் அக்காவுக்கு நிம்மதி என்பதோடு அவர்கள் யோசனை நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் பெல் அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. காலர் அக்கா எழுந்து நின்றார்.

"சார், நாளையிலருந்து பெல் அடிச்சதுமே மெஷின்ல உக்காந்துடறேன். சட்டை தூக்க வேற ஆளப் போடுங்க."

ஸ்கேல் கஃப் தைப்பவளைப் பார்த்தார். அவள் இஸ்திரி அண்ணனைப் பார்த்தாள். அவர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார்.

"எதுக்கு அவசரம்?" என்றார் ஸ்கேல். "டாக்டர ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கூடையப் பாருங்க சார். கை வந்துடுச்சு."

யாரும் சந்தோஷப்படவில்லை. அதுதான் அவருக்கு வித்தியாசமாகப் பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, தைத்த கூடையிலிருந்து ஒரு காலரை எடுத்துக் கீழுதட்டில் வைத்தார். மடியில் போட்டார். அடுத்தது. அதையும் மடியில். மூன்றாவதை உதட்டில் இரண்டு தரம் வைத்துப் பார்த்துவிட்டு மேசைமேல் தனியாக வைத்தார்.

"இது யாருது?"

"உங்க கூடையில இருந்தா உங்களுதுதான்க்கா" என்றாள் கஃப் தைப்பவள்.

"என்னுது குத்தும்டி."

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். குத்துவது மடியில், குத்தாதது மேசையில். பெல் அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை. மேசைமேல் இருந்த குவியல் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

"திட்டணும்னா என்னத் திட்டு" என்றார் இஸ்திரி அண்ணன். "யோசனை என்னுது."

காலர் அக்கா திட்டவில்லை. விரல்களை விரித்துப் பார்த்தார். முழுக்க விரியவில்லை.

"வந்துடுச்சுன்னுல்ல நெனச்சேன்."

"வரும்க்கா."

"ம்."

கஃப் தைப்பவள் அழத் தயாராக இருந்தாள். காலர் அக்கா மேசையிலிருந்த ஒரு காலரை எடுத்து அவள் மடியில் எறிந்தார். "திருடறதுதான் திருடற, ஒழுங்காத் திருடக் கூடாதா? மூலை பூரா மொண்ணை. போடறவன் என்னையில்ல திட்டுவான்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஸ்கேல் தொண்டையைக் கனைத்தார். "அப்ப நாளைக்கு?"

"சட்டை தூக்கறேன்" என்றார் காலர் அக்கா.

மறுநாள் அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். வீட்டில் மூடிகள் தளர்ந்திருந்தன. பொத்தானை மகள் போட்டிருந்தாள். பெல் அடித்ததும் இஸ்திரி மேசைக்குப் போனார். இஸ்திரி அண்ணன் அன்று எதுவும் கேட்கவில்லை. சில நடைகளுக்குப் பிறகு காலர் அக்காவே, "இன்னும் கெளம்பல" என்றார். இஸ்திரி அண்ணன் பெட்டியை விலக்கிச் சட்டையை அவர் பக்கம் தள்ளினார். டீ வந்தது. குடித்தார். மெஷினில் உட்கார்ந்தார். தைக்க வேண்டிய கூடை எப்போதும்போல் அவர் முழங்காலை ஒட்டி இருந்தது. அதைக் காலால் மெல்லத் தள்ளினார். தன் மெஷினுக்கும் கஃப் தைப்பவளின் மெஷினுக்கும் நடுவில் வந்ததும் நிறுத்தினார்.