பொன்னுரங்கத்தின் மீதிப் படம்

ஜவஹர் தன் ஆயுளில் எடுத்த படம் மொத்தம் இரண்டு நிமிஷம் நாற்பது வினாடி ஓடும். ஒரு பெண் ஆளில்லாத தெருவில் நடந்து வருகிறாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. மறுபடி நடக்கிறாள். சுவரில் ஒரு நிழல் நீள்கிறது. அவள் ஒரு வீட்டின் இரும்புக் கேட்டைத் திறக்கப் போகும்போது அதன்மேல் ஒரு கை வந்து விழுகிறது. அலறல். இருட்டு.

அந்தக் கை நொச்சிக்குப்பத்துப் பொன்னுரங்கத்தின் கை.

ஜவஹரின் அப்பா அய்யாதுரை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் துணிக்கடை வைத்தவர். பி.ஏ. முடித்த மகன் கடைக்கு வருவான் என்று இருந்தவரிடம், அடையாறில் சினிமா படிக்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள், சரி போய்த் தொலை, இரண்டு வருஷம்தான் என்றார். அது 1971.

இரண்டாம் வருஷம் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஜவஹருக்கு வந்தது, மர்மப் படம் ஒன்றின் தொடக்கம். தொடக்கம் மட்டும்தான். மேற்கொண்டு கதை என்ன, கொலைகாரன் யார் என்பதெல்லாம் காகிதத்தில்கூட எழுத வேண்டியதில்லை. நானூறு அடி ஃபிலிம் தருவார்கள். அதற்குள் பார்ப்பவன் நாற்காலியின் நுனிக்கு வரவேண்டும். இந்த மாதிரிப் படங்களுக்கு இருக்கிற விதிகளை ஜவஹர் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டு வைத்திருந்தான். அதில் முதலாவது: கொலைகாரன் முகத்தை முதலில் காட்டாதே. காலைக் காட்டு, நிழலைக் காட்டு, கையைக் காட்டு. முகத்தை, படம் பார்ப்பவனே மனதில் வரைந்துகொள்வான்.

கைக்காக அவன் ஊரெல்லாம் அலைந்தான். கூடப் படித்தவர்களின் கைகள் எல்லாம் பேனா பிடித்த கைகள். ஒரு மாலை நொச்சிக்குப்பத்தில் கவிழ்த்துப் போட்ட படகின் ஓரமாக ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டான். விரல்கள் ஒவ்வொன்றும் தாம்புக்கயிறு மாதிரி. வலது கட்டைவிரலின் நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். மழித்த முகம், சாதுவான கண்.

ஜவஹர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். கையைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்ததால், படத்தில் வில்லனாக நடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். பொன்னுரங்கம் வலையைக் கீழே வைத்தார்.

"நானா? வில்லனா?" என்றார். பிறகு குடிசைப் பக்கம் திரும்பி, "முத்தம்மா, இங்க வா. இந்தத் தம்பி இன்னா சொல்துன்னு கேளு."

முத்தம்மா மீன் கூடையோடு வந்து, கணவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்த வில்லன்னு சொன்னா கோழிகூட நம்பாது, தம்பி. மீசையாவது வைக்கச் சொல்லு."

ஒரு தடங்கல் இருந்தது. அதுவரை பொன்னுரங்கம் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. கல்யாணத்தின்போதும் இல்லை. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அந்தக் குப்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அன்று கொஞ்சநேரம் யோசித்துவிட்டு அவரே அதற்கு வழி கண்டுபிடித்தார். "அது நிக்கிற படம், நைனா. நின்னா ஆயுசும் நின்னுடும். இது ஓடுற படம்தானே? ஓடிக்கினே இருக்கும்."

மீசை வளர இருபது நாள் கேட்டார். ஜவஹருக்கு மீசை தேவையே இல்லை. ஆனாலும் சரி என்றான். குப்பம் முழுக்கச் செய்தி பரவி, கடற்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் யாராவது அவனைக் கூப்பிட்டு மீசை எவ்வளவு வந்திருக்கிறது என்று சொல்வார்கள். குழம்பு ஊற்றினால் பாதி மீசைதான் குடிக்கிறது என்று முத்தம்மா அலுத்துக்கொண்டாள்.

அபிராமபுரத்தில் ஒரு தெரு. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. கேமரா படித்த இனாயத், லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியைச் செருகினான். கறுப்பு வெள்ளைப் படத்தில் காலை வெயில் அப்படியே நிலவாகிவிடும், நிழல் நீளமாக விழும். வாசலில் போட்டிருந்த கோலங்களை மட்டும் அழிக்க வேண்டியிருந்தது. நடுநிசியில் யார் கோலம் போடுவார்கள்? பொன்னுரங்கம் வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி, மீசையை முறுக்கிக்கொண்டு வந்திருந்தார். சட்டைமேல் இனாயத்தின் கறுப்புக் கோட்டைப் போட்டார்கள். காலில் அவனுடைய ஷூ. அது கடித்ததால் லேசாக நொண்டினார். அந்த நொண்டல் படத்துக்கு நன்றாக இருந்தது.

கை கேட்டின்மேல் விழும் காட்சியில் முதல் முறை எல்லாம் சரியாக வந்தது. கை விழுந்தது, விரல்கள் கம்பியைப் பற்றின. அந்த நொடியில் பொன்னுரங்கம் குனிந்து, முகத்தைக் கேமராவுக்கு நேராகக் கொண்டுவந்து சிரித்தார்.

"சரியா கீதா, தம்பி?"

ஜவஹர் கத்திவிட்டான். ஃபிலிம் என்ன கடல் தண்ணியா என்று கேட்டான். தெருவே திரும்பிப் பார்த்தது. தன்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பொன்னுரங்கம் கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி போய் நின்றார். இரண்டாம் முறை கை மட்டும் வந்தது. முதல் துண்டை வெட்டி, 'வேண்டாதவை' என்று எழுதிய தகர டப்பாவில் போட்டான்.

படம் போட்டுக் காட்டிய நாளில் மாணவர்கள் தங்கள் ஆட்களை அழைத்து வரலாம். அய்யாதுரை கடையைப் பாதியில் விட்டு வந்தார். பொன்னுரங்கமும் முத்தம்மாவும் குப்பத்து ஆட்கள் ஆறு பேரும் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஷூ வந்தது. நிழல் வந்தது. கை வந்தது. விளக்குப் போட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். வாத்தியார்கள் ஜவஹரின் தோளில் தட்டினார்கள். குப்பத்து ஆட்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா பொன்னுரங்கம், நீ எங்க வந்தே?" என்றார் ஒருவர்.

பொன்னுரங்கம் வலது கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு, ஜவஹர் நிற்பதைப் பார்த்துவிட்டு, அவனுக்காகவே பேசுகிறவர்போலக் குரலை உயர்த்தினார். "வில்லன் மூஞ்ச மொதல்லயே காட்டிட்டா அப்பறம் படத்துல இன்னா கீது? மீதிப் படத்துல கடைசியா காட்டுவாங்க. இல்ல தம்பி?"

ஜவஹரின் நோட்டில் எழுதியிருந்ததை அவர் யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டிருந்தார். மீதி என்று ஒன்று கிடையாது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. ஆனால் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்தம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணே, எடுப்போம்," என்றான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா ஒரே ஒரு அபிப்பிராயம் சொன்னார். "ஏலே, மடிச்ச சேலையவே காட்டிக்கிட்டிருந்தா எவம்லே வாங்குவான்? பிரிச்சுக் காட்டணும்லே." ஜவஹர் அதற்குச் சிரித்தான்.

படிப்பு முடிந்ததும் தன் அலமாரியைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. தகர டப்பாக்களில் இருந்த துண்டுகளைப் பழைய ஃபிலிம் வாங்குகிறவனிடம் போட்டான். அதை அலசி வெள்ளி எடுப்பார்களாம். ஒன்றரை வருஷம் கோடம்பாக்கத்தில் படியேறி இறங்கினான். பிறகு கடையில் உட்கார்ந்தான். அந்தக் காலத்தில் இரண்டு மூன்று முறை பொன்னுரங்கத்தைக் கண்டான். ஒருமுறை கோயில் குளத்தருகே, மற்றபடி கடற்கரையில். ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது ஒன்றுதான்: மீதி எப்போது? மீசையை இன்னும் எடுக்காமல் வைத்திருந்தார். எடுத்துவிட்டால் மீதிப் படத்தில் ஆள் மாறிவிடுமே என்று பயமாம். ஜவஹர் ஒவ்வொரு முறையும் தை மாதம் என்றான், அல்லது மழை முடியட்டும் என்றான். பிறகு அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டான்.

1975 கார்த்திகையில் கட்டுமரம் மட்டும் திரும்பி வந்தது. நான்கு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

பத்தாம் நாள் முத்தம்மா தியாகராய நகர்க் கடைக்கு வந்தாள். புடவை எடுக்க வந்தவர்கள் நடுவில் நின்று, கூட்டம் குறையும்வரை காத்திருந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் படம் ஒன்று வைக்க வேண்டும், மயிலாப்பூரில் ஒருவர் பெரிதாக வரைந்து தருகிறார், ஆனால் பார்த்து வரைய அவருக்கு ஒரு முகம் வேண்டும் என்றாள்.

"ஒடம்பும் இல்ல. மூஞ்சியாவது ஒண்ணு வேணும்ல, தம்பி? உன்னாண்ட கீதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அன்று மாலையே ஜவஹர் இனாயத்தைத் தேடிப் போனான். அவன் ஒரு ஃபிலிம் லேபில் வேலை செய்தான். கேட் காட்சி, முதல் டேக், அவர் குனிந்து சிரித்தாரே என்று ஜவஹர் சொல்லச் சொல்ல இனாயத் தலையசைத்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிரிப்பு அவனுக்கும் நினைவிருந்தது. மீசையின் ஒரு முனை கலைந்திருந்ததுகூட. "அத நீதானேடா தூக்கிப் போட்ட," என்றான். குற்றம் சொல்லும் குரல் அல்ல அது.

கல்லூரியில் இருந்த பிரதியிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து இனாயத் பெரிதாக்கிக் கொடுத்தான். கம்பியைப் பற்றிய கை. பிளந்த நகம் தெளிவாகத் தெரிந்தது.

முத்தம்மா அதை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். நகத்தின்மேல் விரலை வைத்தாள். அந்த விரல் கட்டுமரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிய வருஷம் பெரியவன் பிறந்தான் என்றாள். பிறகு படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே வெள்ளையாக இருந்தது.

"இத்த மாட்டினா, எதிர்ல நின்னு யாரப் பாத்துப் பேசறது?"

ஜவஹர் அப்போதுதான் சொன்னான். மீதிப் படம் என்று ஒன்று எப்போதுமே கிடையாது, எடுக்கச் சொன்னதே அவ்வளவுதான், அண்ணனிடம் பொய் சொல்லிவிட்டேன் என்று. முகம் இருந்த துண்டைத் தானே விற்றதையும் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவள் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, கடைப் பை ஒன்று கேட்டு வாங்கி அதில் வைத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"சொல்லியிருந்தா மீசையவாவது எடுத்திருப்பாரு," என்றாள். "அது குத்துது குத்துதுன்னு நான் எத்தினி வாட்டி சண்ட போட்டேன்."