புல்லிலை இறங்காத சில்லு

நெடுங்கேணிக் காட்டுப்பாதையளிலை வாகனம் ஓட்டுறதெண்டால் வீரபாகுதான். நாலு சில்லும் இழுக்கிற பழைய பிக்கப் ஒண்டு அவரிட்டை இருக்கு. புதுசா ஓட வாற பெடியளுக்கு அவர் சொல்லுற புத்தி ஊரறிஞ்சது.

"சேத்துக்கை இறங்கமுதலே நாலு சில்லுக்கும் இழுவையைப் போடு. ரயர்க் காத்தைக் கொஞ்சம் இறக்கு. தண்ணியெண்டால் முதல்லை நடந்து பார். வயல் உழுற ரக்ரர் போன ஆழத்தடத்துக்கை மட்டும் சில்லை விட்டிடாதை, நடுமேடு வயித்திலை முட்டி வாகனம் குந்திப்போடும். ஒரு பக்கச் சில்லை நடுமேட்டிலை ஏத்து, மற்றதைக் கரைப் புல்லிலை விடு."

வாய் கிழியச் சொல்லுவார். ஆனால் தான் ஒருநாளும் புல்லிலை விடமாட்டார்.

சண்டை முடிஞ்ச கையோடை, கண்ணிவெடி எடுக்கிற ஆக்களுக்குச் சாரதியா ஓடினவர். ஒருநாள் முன்னாலை போன வாகனம், எதிரிலை வந்த ரக்ரருக்கு வழி விடவெண்டு ஒரு முழம் கரையிலை இறங்கிச்சுது. ஓட்டினவனை உரப்பையிலைதான் அள்ளினவை. அண்டைக்கிருந்து அவருக்குத் தடம்தான் தெய்வம். சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகுமே?

போன மார்கழி மழைக்கை மகள் சிவரூபிக்கு நாளுக்கு முந்தியே வலி கண்டிட்டுது. அந்தச் சேத்துக்கை அம்புலன்ஸ் எங்கை வாறது! மருமகன் மதுசனும் வீரபாகுவின்ரை மனுசி தங்கம்மாவும் அவளைத் தூக்கிப் பின்சீற்றிலை கிடத்திச்சினம். வயல்வெளியிலை பாதை ரெண்டு வாய்க்கால் மாதிரிக் கிடந்துது.

"மாமா, கரையாலை எடுங்கோ! எப்பவோ துப்பரவாக்கின காணி. மாடு மேயுது, பாருங்கோவன்!"

தெரியாதே அவருக்கு? கரையாலை எடுத்தால்தான் தப்பலாம் எண்டு அவரைவிட ஆருக்குத் தெரியும்? மதுசன் இறங்கி அந்தப் புல்லிலை நடந்தும் காட்டினான். வீரபாகு ஸ்ரேறிங்கைத் திருப்பப் பார்த்தார், கை கேக்கேல்லை. அட பாவி மனுசா! தடத்துக்கையே இறக்கினார். கொஞ்சத் தூரம்தான் போயிருக்கும், வாகனம் நடுமேட்டிலை குந்திச்சுது. நாலு சில்லும் சும்மா சுத்திச்சுது.

மதுசன் ரக்ரர் தேடி ஓடினான். அவன் திரும்பி வருமட்டும் தங்கம்மா புருசனைத் திட்டித் தீர்த்தா. அவர் மண்வெட்டியாலை மேட்டை வெட்டினார், வெட்ட வெட்டச் சேறு வந்து மூடிச்சுது. சிவரூபி முதலிலை கத்தினாள், பிறகு முனகினாள், பிறகு அதுவும் இல்லை. ரக்ரர் புல்லாலை வந்துது. புல்லாலையே சங்கிலி போட்டு இழுத்து, புல்லாலையே தார்றோட்டு மட்டும் கொண்டுபோய் விட்டுது. ஒண்டும் வெடிக்கேல்லை.

ஆஸ்பத்திரியிலை மகளைக் காப்பாத்திச்சினம். பிள்ளை தப்பேல்லை.

"ஏன் இவ்வளவு சுணங்கிக் கொண்டுவந்தனீங்கள்?" எண்டு டொக்டர் கேட்டார்.

"றோட்டுச் சரியில்லை, ஐயா," எண்டார் வீரபாகு.

கட்டிலிலை கிடந்த சிவரூபி கண்ணைத் திறந்தாள்.

"றோட்டிலை ஏன் பழி போடுறியள், அப்பா? பயந்திட்டன் எண்டு சொல்லுங்கோவன்."

அந்த ஒரு சொல்லை அவர் இண்டைவரைக்கும் சொல்லேல்லை.