பட்டியலில் இல்லாத எஃகு

பட்டியலில் இல்லையென்றால் இல்லைதான். மலேசியாவில், கிள்ளானில் வெல்டர்களைச் சோதித்துத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான் பேசிவந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் என் அப்பா அரசாங்கக் கோப்பும் கையுமாக வாழ்ந்தவர். சட்டம் பேசுவது எங்கள் குடும்ப வியாதி.

சுங்கை வேயிலிருந்து ஒரு வெல்டர் அண்ணன் வருவார். தொழிற்சாலைகளுக்கு ஸ்டெயின்லெஸ் குழாய் போடும் கண்ட்ராக்டரிடம் பல வருடமாக வேலை. ‘டிக்’ என்கிற நுணுக்கமான வெல்டிங்கில் அவருக்குச் சான்றிதழ் இருந்தது. ஒருமுறை புது வேலைக்கு வந்த குழாயின் எஃகு, உலோகங்களை இனம் பிரித்து எண் கொடுத்திருக்கும் பட்டியலில் இல்லை. வேறு நாட்டு ஆலை, வேறு பெயர். புது எஃகிலேயே மறுபடி சோதனை கொடுக்க வேண்டும் என்றேன்.

“பேருதான் வேற மேடம். ஒரு தடவ பத்தவெச்சுப் பாத்தேன். உருகுறது, ஓடுறது எல்லாம் நம்ம பழைய ஸ்டெயின்லெஸ்தான் லா,” என்றார்.

குரோமியம் எவ்வளவு, நிக்கல் எவ்வளவு என்று ஆலை அனுப்பிய தாள் என் மேசையிலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்திருக்கலாம். எனக்கு அவர் சொல்வது சாக்காகப் பட்டது.

குழாயைச் சாய்வாகப் பொருத்தி, அதைத் திருப்பாமல் சுற்றிவர வெல்டு செய்யச் சொன்னேன். பேனாவோடு பக்கத்திலேயே நின்றேன். வெட்டியெடுத்த துண்டை வளைத்ததும் உள்பக்கம் வாய் பிளந்தது. மறுசோதனையிலும் அதே கதைதான். தோல்வி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்ட்ராக்டர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து, வேறு எதற்கோ விதிப்புத்தகத்தைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. பட்டியலில் இல்லாத உலோகமானாலும், அதன் கலவை பட்டியலில் உள்ள ஒன்றைப் போல இருந்தால், அதில் ஏற்கனவே தகுதி பெற்றவரே வெல்டு செய்யலாம். தனிச் சோதனை வேண்டியதில்லை. உடனே ஆலை அனுப்பிய அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். கலவை அப்படியே ஒத்துப்போனது. நுனிப்புல் மேய்ந்துவிட்டு ஒரு மனிதரின் பிழைப்பில் கை வைத்திருக்கிறேன்.

விசாரித்தேன். அவர் இப்போது செமினியில் கேட், கிரில் செய்யும் கடையில் இருக்கிறார் என்றார்கள். சனிக்கிழமையே போனேன். அங்கே எல்லாம் சாதாரணக் குச்சி வெல்டிங்தான். என்னைக் கண்டதும் முகமூடியைத் தூக்கிவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அந்தச் சோதனையே உங்களுக்குத் தேவையில்லை, தப்பு என்னுடையது என்று நின்றபடியே சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை.

“நீங்க பக்கத்துல நின்னு பாக்கப் பாக்க, இது நெசமாவே வேற இரும்புதானோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு மேடம். கரண்ட்ட கூட்டிக் கொறச்சு நானே கெடுத்துட்டேன். அதுக்கப்புறம் டிக் பக்கமே போகல,” என்றார்.

பிறகு முகம் தெளிந்து கேட்டார். “அப்ப என் பழைய சர்டிபிகேட் நல்லாத்தானே இருக்கு? அத வெச்சு திரும்பப் போலாம்ல?”

ஆறு மாதம் அந்த வெல்டிங்கைத் தொடாதிருந்தால் பழைய தகுதியும் போய்விடும். அந்த விதி மட்டும் எனக்குப் புத்தகத்தைத் திறக்காமலே தெரியும். மறுபடியும் என் முன்னால் வந்து சோதனை கொடுக்க வேண்டியிருக்கும் அண்ணே என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டார்.