மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவர்கள்

அரியலூரில் நான் ஏறிய, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ் பெரம்பலூருக்கு முன்னால் ஒரு டீக்கடையருகே நிற்கிறது. இந்தப் பக்கமெல்லாம் வாந்திபேதி என்று பஸ்ஸிலேயே பேச்சு. எனக்குத் தண்ணீர் குடிக்கவே பயம்.

இறங்கி நிற்கிறேன். பக்கத்தில் ஒரு மாட்டுவண்டி. வைக்கோல்மேல் ஒருவர் கண்கள் செருகிக் கிடக்கிறார். வண்டி ஓட்டி வந்தவள் அவர் மனைவி.

"பக்கத்து ஊருதாங்க பெரியம்மா. ராவெல்லாம் வாந்தி. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்கிறாள்.

டீக்கடையில் இரண்டு கட்சிக்காரர்களுக்குள் சண்டை.

"பஞ்சாயத்து போர்டுல குந்தியிருந்த உங்காளு கெணத்துக்கு மருந்து போட்டானா?"

"போட்ட மருந்த வெஷம்னு சொல்லி எறைச்சு ஊத்துனது யாருய்யா? நீங்கதான!"

அதற்குள் ஒருவன் வண்டியைப் பார்த்துவிடுகிறான். ஓடி வந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கிறான்.

"நம்ம போர்டு ஊராம்மா? இருங்க, சுகாதார ஆபீசர் இப்ப வருவாரு, வந்து கண்ணால பாக்கட்டும்."

"ஆமாம்மா, கெணத்த எறைச்சது யாருன்னு நீயே அவர்ட்ட சொல்லு" என்று எதிர்க்கட்சிக்காரனும் வழி மறிக்கிறான்.

இதில் மட்டும் இருவரும் ஒன்று. அவள் என்னைப் பார்க்கிறாள்.

"நாங்க ஜெயங்கொண்டம் பக்கங்க. இந்தப் பெரியம்மாவக் கேளுங்க."

எனக்கு அந்நிய ஆண்களிடம் பேசிப் பழக்கமில்லை.

"ஆமாங்க, எங்க ஊருதான்" என்கிறேன்.

"அட, வெளியூரா? போம்மா, போ." கயிற்றை விட்டுவிட்டுச் சண்டைக்குத் திரும்புகிறார்கள்.

வண்டி நகர்கிறது. பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் அவர் பாதம் ஆடுகிறது. தானாக ஒருமுறையாவது அசைகிறதா என்று வண்டி மறையும்வரை பார்க்கிறேன். தெரியவில்லை.